கையில் எதை வைத்துக்கொள்வது? அரசியல் கருத்து படிக்க ஐந்து வழிகள்

2020 ஜனவரி 14. சென்னை கலைவாணர் அரங்கில் துக்ளக் இதழின் பொன்விழா. அங்கே பேசிய ரஜினிகாந்த், ஒருவர் கையில் முரசொலி இருந்தால் அவர் தி.மு.க.காரர் என்று சொல்லிவிடலாம், துக்ளக் இருந்தால் அறிவாளி என்று சொல்லிவிடலாம் என்ற பொருள்பட ஒன்று சொன்னார். அப்புறம் பல நாள் டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் அதுதான் பேச்சு. ஒரு தரப்பு கொதித்தது, இன்னொரு தரப்பு ரசித்தது. எனக்கு அதில் பிடித்தது வேறு. கையில் இருக்கும் தாளைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்ற காலம் ஒன்று இருந்தது. அந்தப் பேச்சு அதற்குச் சாட்சி. இப்போது எல்லார் கையிலும் போன். உள்ளே என்ன ஓடுகிறது என்று பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது.

சமீபத்தில் மூன்று பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். திண்டுக்கல்லில் விடுதியில் தங்கி டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி: "அண்ணா, நடுநிலையா எழுதுறது எது?" ஷார்ஜாவில் வேலை பார்க்கும் பள்ளித் தோழன்: "ஊர்ல என்னதான்டா நடக்குது? எதைப் பார்த்தாலும் ஆளுக்கொண்ணு சொல்றானுங்க." மூன்றாமவர் என் மனைவியின் அண்ணன், ஓய்வுபெற்றவர். அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. "மாப்ள, பேப்பரை நிறுத்திடலாம்னு இருக்கேன். யூடியூப்லயே எல்லாம் வந்துடுது" என்றார். அதுவும் கேள்விதான்.

இந்த ஒப்பீடு அவர்களுக்காக எழுதியது. செய்தி எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றி இதில் பேசப்போவதில்லை, அது எங்கும் கிடைக்கிறது. காரசாரமாகக் கருத்துச் சொல்லும் எழுத்தையும் பேச்சையும் பற்றித்தான்.

## முதலில் அளவுகோல்

நடுநிலையானது எது என்ற கேள்வியை நான் ஓரமாக வைத்துவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடும். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும் என்பதால் யாரும் அதைப் பார்த்துப் பதறியதில்லை. விருந்துக்கு வந்தவர்தான் பஸ் போய்விடும் என்று சாப்பாட்டுக்கு நடுவே எழுந்திருப்பார். சாய்வுள்ள எழுத்தும் அப்படித்தான். எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். தெரியாதபோதுதான் பஸ் தவறும். ஆகவே முதல் அளவுகோல், சாய்வு வாசலிலேயே தெரிகிறதா என்பது.

இரண்டாவது, நடந்ததையும் நினைப்பதையும் பிரிக்க முடிகிறதா. ஒரு பத்தியைப் படித்துவிட்டு, இந்த வரி நடந்தது, இந்த வரி எழுதியவர் நினைப்பு என்று பென்சிலால் கோடு போட முடியவேண்டும்.

மூன்றாவது, நிலை மாறினால் வாசகரிடம் சொல்கிறார்களா. கருத்து மாறுவது குற்றமில்லை. நேற்றுவரை திட்டியவரை இன்று முதல் எப்போதும் புகழ்ந்தே வந்ததுபோல எழுதுவதுதான் குற்றம்.

நான்காவது, செலவு. பணச்செலவு சின்னது, நேரமும் கோபமும்தான் பெரிய செலவு. படித்து முடித்ததும் அரைமணி நேரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருடனாவது மல்லுக்கு நிற்கத் தோன்றினால், அந்த அரைமணியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஐந்தாவது ருசி. இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. கஷாயம் மாதிரி இருந்தால் மூன்றாம் நாள் நிறுத்திவிடுவோம். ஒருவர் எழுத்துக்கு வாசகர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார் என்பது இந்த ஐந்தாவதில்தான் இருக்கிறது.

## ஒருவர் குரலில் வரும் இதழ்

துக்ளக்தான் இதற்குச் சரியான உதாரணம். 1970 பொங்கலன்று சோ ராமசாமி தொடங்கினார். முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள். பெயரோ, தலைநகரை டெல்லியிலிருந்து தேவகிரிக்கு மாற்றி ஊரையே அலைக்கழித்த சுல்தானுடையது. அட்டையிலேயே தன்னைக் கேலி செய்துகொண்டு வந்த பத்திரிகை, அடுத்தவரைக் கேலி செய்ய அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டது.

எங்கள் அப்பா தி.மு.க. அனுதாபி. ஆனால் எங்கள் தெரு முனை சலூனுக்குத் துக்ளக் வந்தால் முதலில் கைவைப்பது அவர்தான். கட்டிங்குக்கு நாலு பேர் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுரைகளைத் தள்ளிவிட்டு நேராகக் கேள்வி-பதில் பகுதிக்குப் போவார். ஒரு கேள்வியைச் சத்தமாகப் படிப்பார், கேட்டவரின் பெயர், ஊர் உட்பட. பதிலைப் படிக்கும் முன் நிறுத்துவார். பெஞ்சில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அப்புறம் அச்சில் இருப்பதைப் படிப்பார். பெரும்பாலும் ஒன்றரை வரி. சிரிப்பு வரும், கூடவே அப்பாவுக்குக் கோபமும் வரும். "எதிராளி எங்க பிடி போடுறான்னு தெரிஞ்சுக்கணும்ல" என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். பெஞ்சில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எப்போதும் இருப்பார். கத்தரி ஓடும் சத்தம் நின்றால், கடைக்காரரும் விவாதத்தில் சேர்ந்துவிட்டார் என்று பொருள்.

இந்த மாதிரி இதழின் கவர்ச்சி என்ன என்று யோசித்தால் எனக்கு அந்த பெஞ்சுதான் ஞாபகம் வருகிறது. கேள்வி-பதில் தமிழ்ப் பத்திரிகைகளின் சொந்தச் சொத்து. குமுதத்தின் அரசு பதில்களுக்காக இதழைப் பின்னாலிருந்து புரட்டியவர்கள் உண்டு. அதில் வாசகன் பெயர் அச்சில் வருகிறது, ஆசிரியர் அவனோடு நேருக்கு நேர் பேசுகிறார். துக்ளக் இதை ஒரு படி மேலே கொண்டுபோய் ஆண்டுவிழாவில் வாசகர்களையே கேள்வி கேட்கவிட்டது. இதில் கிடைப்பது தகவல் அல்ல, ஓர் ஆளின் சகவாசம். இந்தப் புது விஷயத்துக்கு இந்த மனுஷன் என்ன சொல்வார் என்ற ஆவல்தான் அடுத்த இதழை வாங்க வைக்கிறது. அவர் சொல்வது நமக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. அப்பாவுக்குப் பிடித்ததே இல்லை.

சாய்வு வாசலிலேயே தெரிகிறதா? தெரிகிறது, ஒளிவுமறைவே இல்லை. நிலைமாற்றத்தைச் சொல்வதிலும் சோவுக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். ஆயுள் முழுக்க தி.மு.க.வை விமர்சித்தவர், 1996 தேர்தலில் ஜெயலலிதாவுக்கு எதிராக தி.மு.க.-தமிழ் மாநில காங்கிரஸ் கூட்டணி அமைய உதவினார். அதை யாரும் தோண்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. நெருக்கடி நிலை வந்தபோது அட்டையைக் கறுப்பாக்கி இதழ் கொண்டுவந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை.

இரண்டாவது அளவுகோலில்தான் இடிக்கிறது. 1971 ஜனவரியில் சேலத்தில் பெரியார் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டில், இந்துக் கடவுள் படங்கள் அவமதிக்கப்பட்டதாகச் சர்ச்சை எழுந்த ஊர்வலத்தின் படங்களைத் துக்ளக் வெளியிட்டது, அன்றைய அரசு அந்த இதழைப் பறிமுதல் செய்தது, பறிமுதலே விளம்பரமாகிவிட்டது. நாற்பத்தொன்பது வருடம் கழித்து அதே பொன்விழாப் பேச்சில் ரஜினி அந்த ஊர்வலத்தைக் குறிப்பிட்டபோது, அன்று அங்கே உண்மையில் நடந்தது என்ன என்று இரு தரப்பும் மறுபடி முதலிலிருந்து சண்டை போட்டன. இந்தப் பக்கத்து இதழை மட்டும் வீட்டில் வைத்திருந்தவர்களுக்குப் பாதி ஊர்வலம்தான் தெரியும். அந்தப் பக்கத்து ஏட்டை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு மீதிப் பாதி.

கண்ணுக்குத் தெரியாத செலவு இரண்டு. ஒன்று, ஆளைப் பிடித்துப்போனால் அவர் கருத்துகள் மொத்தமாக வீட்டுக்கு வந்துவிடும். ஊழல் பற்றிய அவர் கேலிக்காக வாங்க ஆரம்பித்திருப்போம். கொஞ்ச நாளில் ஈழப் பிரச்சினையைப் பற்றியும் நாம் யோசிக்காமலே அவர் கருத்து நம் வாயிலிருந்து வரும். இரண்டு, ஆள் போனால் குரல் போய்விடும், பெயர்ப்பலகை மட்டும் இருக்கும். 2016 டிசம்பர் 7 அன்று சோ காலமானார். எஸ். குருமூர்த்தி ஆசிரியரானார். இப்போதைய துக்ளக் நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. பழைய ஞாபகத்தில் சந்தாவைப் புதுப்பிக்கிறவர், தான் வாங்குவது வேறொருவர் எழுத்து என்பதை உணர்ந்து வாங்கவேண்டும்.

யாருக்குச் சரி: சண்டை போட ஒரு நல்ல எதிராளி தேவைப்படுகிறவருக்கு. இது போன்ற இதழைத் தன் பக்கத்தில் தேர்ந்தெடுப்பதைவிட எதிர்ப்பக்கத்தில் தேர்ந்தெடுப்பது லாபம். அப்பா அதைச் சலூனில் இலவசமாகவே செய்தார்.

## கட்சி நாளேடு

தி.மு.க.வின் முரசொலி, திராவிடர் கழகத்தின் விடுதலை, மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிர். இவற்றைப் பற்றி 'அது கட்சிப் பத்திரிகை, அதில் என்ன இருக்கும்' என்று சொல்வது ஒரு வழக்கம். சொல்பவர்களில் பெரும்பாலோர் படித்ததில்லை.

சாய்வு விஷயத்தில் இதைவிட நேர்மையான பத்திரிகை கிடையாது. தலைப்புக்குப் பக்கத்திலேயே முகவரி எழுதி ஒட்டியிருக்கிறது. 1942 ஆகஸ்ட் 10 அன்று திருவாரூரில் கருணாநிதி துண்டுப் பிரசுரமாகத் தொடங்கிய முரசொலியில், 'உடன்பிறப்பே' என்று விளித்து அவர் எழுதிய கடிதங்கள் 7,000-த்தைத் தாண்டும். இந்தக் கடிதத்தின் ருசி கேள்வி-பதிலின் ருசிக்கு நேர் எதிர். அங்கே வாசகன் கேட்கிறான். இங்கே தலைவர் தானே வந்து கதவைத் தட்டுகிறார். கிளைச் செயலாளர் ஒருவர் காலையில் படிப்பகத்தில் அதைப் படிக்கும்போது அது அவருக்கே வந்த கடிதம்.

தகவல் கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் எடுக்கத் தெரிய வேண்டும். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறையில் வைக்கும் மிசா சட்டத்தில் கைதுகள். தணிக்கை இருந்ததால் யார் யார் உள்ளே என்று அச்சிட வழியில்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்று அண்ணா சமாதிக்கு அஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள் என்று முரசொலி ஒரு பெயர்ப்பட்டியல் வெளியிட்டது. தொண்டர்களுக்குப் புரிந்துவிட்டது. கட்சி ஏட்டைப் படிக்கும் கலை இன்றும் அதுதான். யார் பெயர் எந்த வரிசையில், யாருடைய பிறந்தநாள் வாழ்த்து உள்பக்கத்துக்குப் போனது, கூட்டணிக் கட்சியின் போராட்டம் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா, நேற்று ஊரெல்லாம் பேசிய விஷயம் இன்று ஏன் இல்லை. இல்லாததைப் படிக்கத் தெரிந்தால் இதற்கு இணை இல்லை. கூட்டணி உடையப்போவதை மற்ற பத்திரிகைகள் எழுதும் முன் இதில் வாசம் பிடித்த ஆட்களை எனக்குத் தெரியும்.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். 2003 நவம்பரில் தி இந்து நாளிதழின் தலையங்கம் ஒன்றுக்காக அதன் ஆசிரியர் குழுவினருக்குத் தமிழகச் சட்டமன்றம் 15 நாள் சிறை விதித்தபோது, அந்தத் தலையங்கத்தை மொழிபெயர்த்து வெளியிட்ட முரசொலியின் ஆசிரியருக்கும் அதே தண்டனை சேர்ந்தது. கட்சிப் பத்திரிகை என்றால் பாதுகாப்பான வேலை என்று நினைக்க வேண்டாம்.

நிலை மாறினால் சொல்வார்களா? மாட்டார்கள். கூட்டணி மாறிய மறுநாள் பழைய தலையங்கங்கள் எழுதப்படவே இல்லாததுபோல் இருக்கும். மறைமுகச் செலவு அதுதான். தொடர்ந்து அதை மட்டுமே படிப்பவருக்கு ஞாபகசக்தி குறையும். இன்னொரு ஆபத்து, ஏடு யார் கையில் என்பது. 2017-இல் அ.தி.மு.க. பிளந்தபோது, ஜெயலலிதா காலத்து நமது எம்.ஜி.ஆர். சசிகலா தரப்பில் நின்றது. ஆட்சியில் இருந்த தரப்பு 2018 பிப்ரவரியில் நமது அம்மா என்று புதிதாக ஒன்று தொடங்க வேண்டிவந்தது.

யாருக்குச் சரி: உள்ளூர் அரசியலில் கால்வைப்பவர், நிருபர், தேர்தல் வேலை பார்ப்பவர். மற்றவர்களுக்குத் தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதம் மட்டும் போதும்.

## நாளிதழின் நடுப்பக்கம்

தினமணி, இந்து தமிழ் திசை போன்றவற்றின் தலையங்கமும் அதையொட்டிய கட்டுரைகளும். இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்ல சாப்பாட்டைப் பற்றி அதிகம் பேச முடியாது என்பதுபோல. தினமணியில் 1944 முதல் 1987 வரை ஆசிரியராக இருந்த ஏ.என். சிவராமன் 'கணக்கன்' என்ற பெயரில் பொருளாதாரத்தைப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எண்ணோடு விளக்கி எழுதினார். நடுப்பக்கத்தின் நல்ல முகம் அது. மசோதா என்ன சொல்கிறது, பிரிவு எண் என்ன, முன்பு எப்படி இருந்தது என்பதெல்லாம் இங்கேதான் வரிசையாகக் கிடைக்கும். பென்சில் கோடு போடுவது சுலபம்.

சாய்வு? இருக்கிறது, ஆனால் தெரியாது. இதுதான் இதன் பெரிய குறை. விருந்தாளி பதறி எழுந்த கடிகாரம் இதுதான். தலையங்கத்தின் மொழி எப்போதும் இஸ்திரி போட்டதுபோல் இருப்பதால், எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள் என்பது சட்டென்று பிடிபடாது. அச்சுச் செலவைவிடக் குறைந்த விலைக்குத்தான் நாளிதழ் நம் வாசலுக்கு வருகிறது. மீதியை விளம்பரம் கட்டுகிறது. அதில் அரசு விளம்பரம் பெரிய பங்கு. நான் செய்வது இதுதான்: கட்டுரையைப் படிக்கும் முன் அடியில் இருக்கும் எழுதியவர் குறிப்பைப் படிப்பேன். முன்னாள் துணைவேந்தரா, கட்சிச் செய்தித்தொடர்பாளரா, தொண்டு நிறுவனம் நடத்துபவரா என்று தெரிந்துகொண்டு மேலே போனால் பாதிச் சாய்வு வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ருசியில் கொஞ்சம் குறைவு என்பதை மறைக்கவில்லை. சலூன் பெஞ்சில் யாரும் தலையங்கத்தைச் சத்தமாகப் படித்து நான் கேட்டதில்லை.

யாருக்குச் சரி: தேர்வுக்குப் படிப்பவர், ஒரு விஷயத்தை அடியிலிருந்து புரிந்துகொள்ள நினைப்பவர், இரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்.

## புலனாய்வு இதழ்

ஜூனியர் விகடன் 1983 முதல், நக்கீரன் 1988 முதல். 'மிஸ்டர் கழுகு', 'ராங்கால்' என்று உள்ளே நடப்பதைச் சொல்லும் பகுதிகள்தான் இவற்றின் இதயம். இவற்றுக்குச் சமூகம் பட்ட கடன் பெரிது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை தடுக்கப் பார்த்தபோது, ஒன்றை வெளியிடும் முன்பே தடைபோட அரசுக்கு அதிகாரம் இல்லை என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியா முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் வாதாடுகிறார்கள்.

குறை, 'என்கிறார்கள் விவரமறிந்தவர்கள்' என்ற வாக்கியம். யார் அந்த விவரமறிந்தவர்? அவருக்கு இதில் என்ன லாபம்? ஒரு கட்சியின் உள்சண்டையில் ஒரு கோஷ்டி இன்னொன்றின் மேல் எறிந்த கல்லாகவும் அந்தச் செய்தி இருக்கலாம். நான் ஒருமுறை மூன்று மாதப் பழைய இதழ்களை எடுத்து, 'விரைவில் மாற்றம்' என்று சொன்னவற்றில் எத்தனை நடந்தன என்று குறித்துப் பார்த்தேன். கணக்கை இங்கே எழுதவில்லை, நீங்களும் செய்துபாருங்கள். ருசி குறையாது, நம்பிக்கை சரியான அளவுக்கு வந்துவிடும்.

இணையச் சந்தா எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரியில் பிரதமர் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்தையொட்டி விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. மார்ச் 6 அன்று, அந்தச் சித்திரத்தை நீக்கும் நிபந்தனையோடு தடையை நீக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். இடைப்பட்ட நாட்களில் அச்சு இதழ் கடையில் கிடைத்தது. காகிதத்துக்கு இப்படியும் ஒரு பயன்.

யாருக்குச் சரி: அரசியலை மனிதர்களின் ஆசை, பகை, பயம் வழியாகப் பார்க்கப் பிடித்தவர்களுக்கு. கூடவே வேறொன்றும் படிக்க வேண்டும்.

## யூடியூப் விமர்சகர்

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து, அவருக்குப் பிடித்த விமர்சகர் ஒருவரின் வீடியோவைப் பார்த்தேன். 24 நிமிடம். கையில் பழைய டைரி. புதிய தகவல் வரும்போதெல்லாம் ஒரு கோடு. முடிந்தபோது மூன்று கோடு. மூன்றும் அன்று காலைப் பேப்பரில் இருந்தவை. "நான் அன்னிக்கே சொன்னேன்" மட்டும் ஐந்து முறை. முகப்புப் படத்தில் சிவப்பு எழுத்தில் 'முடிந்தது கதை' என்று இருந்தது. யாருடைய கதையும் முடியவில்லை. மச்சானிடம் டைரியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதுக்காகவா மாப்ள பாக்குறோம்? மனுஷன் என்னமா பேசுறான்" என்றார்.

அந்தப் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சலூன் பெஞ்சு போய்விட்டது, படிப்பகத்துக்குப் பூட்டு. ஓய்வுபெற்ற ஒரு மனிதருக்கு மாலை ஆறு மணிக்குத் தன் பாஷையில், தன் கோபத்தை, தன்னைவிட நன்றாகப் பேசும் ஒருவர் வீட்டுக்கே வருகிறார். துக்ளக்கின் ருசியும் உடன்பிறப்புக் கடிதத்தின் ருசியும் இங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. அதோடு, கண்புரை அறுவை செய்துகொண்ட என் அம்மா போன்றவர்களுக்குப் படிப்பதைவிடக் கேட்பதுதான் முடிகிறது. அச்சில் இடம் கிடைக்காமல் போன மூத்த பத்திரிகையாளர்கள் சிலர் இங்கே ஒரு நீதிமன்றத் தீர்ப்பை முக்கால் மணி நேரம் பொறுமையாக விளக்குகிறார்கள். அந்த அளவு இடத்தை எந்த நாளிதழும் தராது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துக் குப்பை என்று சொல்வது சோம்பேறித்தனம்.

ஆனால் கணக்கு கணக்குதான். எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடினால்தான் வீடியோவின் நடுவில் விளம்பரம் செருக முடியும். ஆகவே மூன்று நிமிட விஷயம் எட்டைத் தாண்டும் வரை இழுபடும். கோபமாக இருந்தால் கடைசி வரை பார்ப்போம், அதனால் கோபம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அவர் பிழைப்பு. ஒன்று முடியும் முன் அடுத்தது வந்து நிற்கும், அதுவும் இதே பக்கத்துச் சரக்கு. பணம் கொடுப்பவர் யார் என்பதும் நமக்குத் தெரியாது. முரசொலிக்காவது முகவரி இருக்கிறது. நிலைமாற்றத்தைப் பொறுத்தவரை, பழைய வீடியோவை அழித்துவிட்டால் சாட்சியே இல்லை. அச்சில் வந்ததை அப்படி அழிக்க முடியாது. நூலகத்தில் கட்டி வைத்திருப்பார்கள்.

யாருக்குச் சரி: பயணத்திலும் சமையலறையிலும் நேரம் கிடைப்பவருக்கு, படிக்க முடியாதவருக்கு. மூன்று கட்டுப்பாடுகள்: ஆளின் பெயரைத் தேடாமல் விஷயத்தின் பெயரைத் தேடுங்கள், ஒன்றரை மடங்கு வேகத்தில் கேளுங்கள், தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்திவையுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஒருவர் குரல் இதழ் | கட்சி நாளேடு | நடுப்பக்கம் | புலனாய்வு இதழ் | யூடியூப் விமர்சகர் |
|---|---|---|---|---|---|
| சாய்வு தெரிகிறதா | நன்றாகத் தெரியும் | முகவரியோடு | பழகினால்தான் | ஆளுக்கு ஆள், இதழுக்கு இதழ் | குரலில் தெரியும், பின்னணி தெரியாது |
| நடந்தது, நினைப்பு பிரியுமா | சிரமம் | பயிற்சி வேண்டும் | சுலபம் | பாதிப் பாதி | பெரும்பாலும் இல்லை |
| நிலைமாற்றம் சொல்வது | ஆசிரியரின் நேர்மையைப் பொறுத்து | இல்லை | அரிது | அரிது | இல்லை |
| நேரச் செலவு | வாரம் ஒரு மணி | தினம் பத்து நிமிடம் | தினம் அரை மணி | வாரம் ஒரு மணி | வரம்பே இல்லை |
| கோபச் செலவு | அளவாக | எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| ருசி | அதிகம் | உள்ளே இருப்பவருக்கு அதிகம் | குறைவு | அதிகம் | மிக அதிகம் |

நேரக் கணக்கு என் பழக்கத்தை வைத்துப் போட்டது. வேகமாகப் படிப்பவர் குறைத்துக்கொள்ளலாம்.

## தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனை

எதற்கும் சந்தா கட்டும் முன் இதைச் செய்துபாருங்கள். கிளை நூலகத்தில் மேஜையில் கிடப்பதை வைத்தே செய்யலாம், செலவில்லை.

ஒரு விஷயத்தின் இரண்டு முனைகளை எடுங்கள். நான் எடுத்துக்கொண்டது ஆளுநர் விவகாரம். 2025 ஏப்ரல் 8 அன்று, தமிழக ஆளுநர் நிறுத்திவைத்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. முழு நீதி வழங்கத் தேவையான உத்தரவை இட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசமைப்பின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தியது, ஆளுநருக்குக் காலக்கெடுவும் வகுத்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதுவதும் சரியல்ல என்றது. கூடவே, ஆளுநர் காலவரையின்றி மசோதாவின் மேல் உட்கார்ந்திருக்க முடியாது என்றும் சொன்னது.

இப்போது நீங்கள் தேர்ந்தெடுக்க நினைக்கும் இதழில் அல்லது சேனலில் இந்த இரண்டு நாளையும் தேடுங்கள். 142 என்றால் என்ன என்று விளக்கியிருக்கிறார்களா? ஏப்ரலில் கொட்டை எழுத்தில் போட்டவர் நவம்பரில் எந்த மூலையில் போட்டார்? ஏப்ரலில் நீதிமன்றம் எல்லை மீறியது என்று சொன்னவர், நவம்பரில் அதே நீதிமன்றத்தின் மாண்பைப் பாடினாரா? நவம்பர்ப் பதிலின் அந்தக் கடைசிப் பகுதியைச் சொன்னாரா, விழுங்கினாரா? கால் மணி நேர வேலை. ஒரு வருடச் சந்தாவில் தெரிந்துகொள்வதை இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

## அந்த மூன்று பேர்

திண்டுக்கல் பெண்ணுக்கு நடுப்பக்கம்தான் சொன்னேன், இரண்டு நாளிதழ்களுடையது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், தனக்குப் பிடிக்காத ஒருவரின் இதழ் ஒன்றையும் படிக்கச் சொன்னேன். "பிடிக்காததை எதுக்குண்ணா படிக்கணும்?" என்றாள். முதன்மைத் தேர்வில் ஒரு கொள்கையின் நன்மை தீமை இரண்டையும் எழுதச் சொன்னால், தீமைப் பகுதியை உற்சாகமாக எழுத அவர்தான் உதவுவார் என்றேன்.

ஷார்ஜா தோழனுக்கு, வேலைக்குப் போகவர ஆகும் ஒரு மணி நேரம்தான் உண்டு. அவனுக்கு யூடியூப்பே சரி. எதிரெதிர்ப் பக்கத்து இரண்டு பேர், மூன்றாவது ஆள் கூடாது, ஒன்றரை மடங்கு வேகம். லீவில் வரும்போது டீக்கடையில் பேச வேண்டுமென்றால், புறப்படும் முன் புலனாய்வு இதழ்கள் நாலைப் புரட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

மச்சானிடம் பேப்பரை நிறுத்தவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். யூடியூப்பை விடச் சொல்லவில்லை, அவர் விடவும் மாட்டார். சரி என்றார். போன வாரம் போயிருந்தபோது ஊஞ்சலுக்குப் பக்கத்தில் பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதன் மேல் என் பழைய டைரி. திறந்து பார்த்தேன். அவர் கையெழுத்தில் தேதி, அந்த விமர்சகர் பெயர், எதிரே கோடுகள். ஒருநாள் இரண்டு, ஒருநாள் நாலு, ஒருநாள் பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஆனா நல்லா பேசினான்' என்று எழுதியிருந்தார்.